இறக்கை ஒடியுமா?

இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவன் என்று நான் சொல்லும்போதெல்லாம், விடுதி நண்பர்கள் கேட்கும் முதற் கேள்வி அணையைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது தேயிலையைப் பற்றியதாக இருக்கும். விமானத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நியாயமும் இல்லை. ரயில் பாதைகூட இல்லாத மாவட்டம் அது. ஆயினும் 2022ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வண்டிப்பெரியாருக்கு அருகில் சத்திரம் என்னும் இடத்தில் ஒரு சிறு விமானம் இறங்கிற்று. தேசிய மாணவர் படையைச் சேர்ந்த மாணவர்க்குப் பறக்கும் பயிற்சி அளிப்பதற்காக மலைமேல் அமைத்த ஓடுபாதை அது. நீளம் 650 மீட்டர். அதே ஆண்டில் முன்னர் இறங்க முயன்றபோது, பாதையின் அருகே நின்ற மண்மேடு தடையாயிற்று. பிறகு பெய்த மழையில் பாதையின் ஒரு பக்கம் சரிந்தது. இத்தனைக்கும் பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது.

வந்த விமானத்தின் பெயர் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். செய்தவர்கள் ஸ்லோவேனியா நாட்டுப் பிப்பிஸ்ட்ரெல் கம்பெனியார். பிப்பிஸ்ட்ரெல் என்பது ஒருவகைச் சிறு வௌவாலின் பெயராம். இருவர் மட்டுமே அமரலாம். எஞ்சினின் ஆற்றல் 80 குதிரைச் சக்தி. எங்கள் எஸ்டேட்டில் ஓடும் ஜீப்புக்கும் இதற்கும் இந்த வகையில் பெரிய வேறுபாடு இல்லை. உடல் உலோகத்தால் ஆனதன்று. கரிய இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக வார்த்தது. பார்த்தால் பொம்மை போல இருக்கும்.

பொம்மை போல இருப்பதுதான் எங்கள் வீட்டில் தொல்லையாயிற்று. என் தங்கை தன் கல்லூரியில் மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்திருந்தாள். இத்தகைய சிறு விமானத்தில் பயிற்சியாளருடன் ஏறிப் பறப்பதற்கு அவள் பெயரும் வந்தது. வீட்டாரின் இசைவுக் கடிதம் வேண்டும். தந்தை காலமாகிவிட்டார், கையெழுத்திட வேண்டியவர் அம்மா. முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து எடுத்த கை அது. பள்ளிக் கடிதம் எதுவாயினும் படித்துச் சொல்லக் கேட்டு உடனே ஒப்பமிடும் கை, இந்தக் காகிதத்தின் முன் நின்றுவிட்டது.

பாட்டியின் பேச்சும் அதற்குக் காரணம். 1971 டிசம்பரில், திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர்ப் பக்கத்து மலையில் விழுந்தது. எங்கள் மலைக்கு மறுபக்கத்துச் செய்தி. லயத்து வாசலில் நெடுநாள் பேசப்பட்ட செய்தி. ஆனால் அம்மா அதற்காக அஞ்சவில்லை.

"மலையிலே மோதினா அது வேற கதை, பஸ்ஸும்தான் பள்ளத்திலே விழுது. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இவ்வளவு மெல்லிசா இருக்கே, அந்த றெக்கை நடுவானத்திலே ஒடியுமா, ஒடியாதா? நீ எஞ்சினியருக்குப் படிக்கிறவன்தானே, அதை மட்டும் சொல்லு" என்றார்.

ஒடியாது என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். தங்கையும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் உயிரைப் பணயமாக வைத்துக் கேட்கப்படும் கேள்விக்கு ஊகத்தை விடையாகத் தரலாகாது என்று எனக்குத் தோன்றிற்று. பத்து நாள் தவணை கேட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். அந்தப் பத்து நாளும் நூலகத்தில் நான் தெரிந்துகொண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

வேகம் மிகுந்தால் இறக்கை ஒடியும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது பாதி உண்மைதான். அமைதியான காற்றில் நேராகப் பறக்கும்போது, வேகம் எதுவானாலும், இறக்கை தாங்குவது விமானத்தின் எடையை மட்டுமே. விமானி கைப்பிடியைத் திடீரென்று தன் பக்கம் இழுத்தாலோ, கீழிருந்து காற்று முட்டித் தள்ளினாலோ, அந்தச் சுமை பல மடங்காகப் பெருகும். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் நம் உடல் ஒரு கணம் கனக்கிறதல்லவா? அதே கனம்தான். சாதாரணச் சிறு விமானத்தின் இறக்கை, தன் எடையைப் போல் 3.8 மடங்கு வரை தாங்கி, வளைந்தது நிமிர வேண்டும் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. அதற்கும் மேலே ஒன்றரைப் பங்கு, அதாவது 5.7 மடங்கு வரை, சில விநாடிகளேனும் முறியாமல் நிற்க வேண்டும். ஆகவே, மெல்லியதாகத் தோன்றும் இறக்கை கணக்கில்லாமல் செய்யப்பட்டதன்று.

அந்தக் கணக்கை விமானிக்குச் சொல்வதற்கு வேகமானியில் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எஸ் வகையில், 48 நாட் முதல் 129 நாட் வரை பச்சை. அன்றாடம் பறக்க வேண்டிய எல்லை அது. 129 முதல் 163 வரை மஞ்சள்; காற்று அமைதியாக இருந்தால் மட்டுமே அங்கே செல்லலாம். 163இல் ஒரு சிவப்புக் கோடு. அதாவது மணிக்கு 302 கிலோமீட்டர். அதனை ஒருபோதும் தாண்டலாகாது.

இந்த மூன்று வண்ணங்களையும் கண்டதும் எனக்கு நிம்மதி பிறந்தது. சிவப்பைத் தாண்டாதவரை அச்சமில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் அல்லவா? ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது, மிகவும் வேண்டிய ஓர் எண் அந்த வட்டத்தில் வண்ணமாகத் தீட்டப்படவே இல்லை என்று கண்டேன். அதனைக் கையாளும் வேகம் என்று சொல்லலாம்.

அது என்ன? இறக்கை காற்றை மிகக் கூடுதலான கோணத்தில் சந்தித்தால், அதன்மேல் ஓடும் காற்று பிய்ந்துபோய்த் தூக்கும் ஆற்றல் சட்டென்று குறைந்துவிடும். இதனை ஸ்டால் என்பார்கள். விமானம் விழுவதற்கு இதுவே காரணம் என்று நாம் அஞ்சுகிறோம். ஆனால் ஒருவகையில் இது காவலும் ஆகும். வீட்டில் மின்சாரம் மிஞ்சினால் ஃபியூஸ் எரிந்து வீட்டைக் காப்பது போல, மெதுவாகப் பறக்கும் விமானத்தின் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும், இறக்கை முறிவதற்கு முன்பே ஸ்டால் ஆகிச் சுமையை உதறிவிடும். வேகம் கூடினாலோ இந்த ஃபியூஸ் வேலை செய்யாது. ஸ்டால் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் முழுக்க இழுத்தால் சுமை நான்கு மடங்கு; மூன்று மடங்கு வேகத்தில் இழுத்தால் ஒன்பது மடங்கு. அப்போது முதலில் விட்டுக்கொடுப்பது காற்றன்று, இறக்கை. ஃபியூஸ் காக்கும் கடைசி வேகமே கையாளும் வேகம்.

செஸ்னா 172 எஸ் விமானத்திற்கு அது 105 நாட் என்று கையேடு சொல்கிறது. பச்சைக்குள்ளேயே அடங்கிய எண் இது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும் ஒரு வியப்பு: 105 என்பது முழுச் சுமையோடு, 2550 பவுண்டு எடையில். எடை 2200 பவுண்டாகக் குறைந்தால் 98. 1900 ஆனால் 90. பாரம் குறைந்தால் பாதுகாப்பு மிகும் என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே பாரம் குறையக் குறைய எல்லையும் குறைகிறது. காரணம் எளிது. இலேசான விமானம் சிறிய கோணத்திலேயே மிதக்கும். ஸ்டால் ஆகும் கோணத்துக்கு இன்னும் வெகு தூரம் இருக்கும். ஆகையால் ஒரு காற்றுக் குத்து அதனைப் பல மடங்கு தூக்கி எறிந்த பிறகே ஃபியூஸ் எரியும். வெறும் லாரி மேடுபள்ளத்தில் துள்ளுவதையும், மூட்டை ஏற்றிய லாரி அழுந்திச் செல்வதையும் நாம் பார்த்ததில்லையா?

இதைப் படிக்கும்போது எங்கள் ஊர்க் காற்றே என் நினைவுக்கு வந்தது. என் அத்தை வீடு பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. மேற்கு மலைத்தொடர் முழுவதிலும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று திறந்து கிடக்கும் வாசல் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று அந்த வாசல் வழியே கிழக்கே பாயும். மார்கழி, தை மாதங்களிலோ கிழக்கேயிருந்து வறண்ட காற்று மேற்கே வீசும். அத்தை வீட்டுப் பனைமரங்கள் இரவெல்லாம் சலசலத்துத் தூங்கவிடா. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுத்தியதும் இதனால்தான்.

எங்கள் இடுக்கி எல்லையிலோ வாசல் இல்லை, சுவர் உண்டு. ஆடி மாதத்தில் காற்று மலையேறி வந்து, ராமக்கல்மேட்டு விளிம்பைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் குதிக்கும். விளிம்பில் நிற்பவன் தோளில் கிடக்கும் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாறையைத் தாண்டும் ஆற்றுநீர் கீழே சுழித்துக் கொப்புளிப்பது போல, மலையைத் தாண்டும் காற்றும் மறுபுறத்தில் சுழன்று புரளும். நீரின் சுழி கண்ணுக்குத் தெரியும். காற்றின் சுழி தெரியாது. அத்தகைய இடத்தில் பறக்கும் விமானி, குத்து வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கையாளும் வேகத்துக்குள் வந்துவிட வேண்டும். மேடு வருமுன் பிரேக் பிடிக்கும் நல்ல டிரைவரின் வழக்கமும் இதுவே.

காற்றின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1953 மே 2ஆம் நாள், கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து புறப்பட்ட காமெட் ஜெட் விமானம், சில நிமிடங்களில் இடிமழைச் சூறையில் சிக்கி வானிலேயே சிதைந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். நம் அரசாங்கம் நடத்திய விசாரணை, சூறையின் கடுமையான குத்துகளாலோ, அதனை அடக்க விமானி மிகையாகக் கையாண்டதாலோ கட்டமைப்பு முறிந்திருக்க வேண்டும் என்று கருதிற்று. அது பெரிய விமானம்தான். ஆனால் காற்றும் கையும் சேர்ந்து ஓர் இறக்கையை என்ன செய்யும் என்னும் பாடம் சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றே.

கையாளும் வேகத்துக்குள் இருந்தால் எதையும் செய்யலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. 2001 நவம்பர் 12ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் விமானம், முன்னே சென்ற விமானம் கலக்கிவிட்ட காற்றில் ஆடிற்று. துணை விமானி வால் சுக்கானை வலமும் இடமுமாக மாறி மாறி முழுக்க மிதித்தார். வேகம் எல்லைக்குள்தான் இருந்தது; ஆயினும் வாலின் செங்குத்துப் பகுதி பிய்ந்து போயிற்று. தரையிலிருந்தோரையும் சேர்த்து 265 பேர் இறந்தனர். அந்த எல்லை ஒரு முறை, ஒரு பக்கம் இழுப்பதற்கே காவல். மாறி மாறி உலுக்குவதற்கு அன்று என்பது விமானிகள் பலருக்கே அதுவரை தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் மலைக்கு இன்னொரு பகை உண்டு, அது மூடுபனி. கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாதவர் மேகத்துக்குள் நுழைந்தால், விமானம் ஒரு பக்கம் சாய்வதை அவர் உடல் உணராது. நேராகச் செல்வதாகவே தோன்றும். விமானமோ சரிந்து, சுழன்று, மூக்கைத் தாழ்த்தி, வேகம் பெருகப் பெருக இறங்கும். ஓசை மாறுவதைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கைப்பிடியை இழுப்பார். ஃபியூஸ் இல்லாத வேகத்தில் முழு இழுப்பு! சிறு விமானங்கள் வானில் முறிந்த விபத்துகளில் பல இவ்வாறு நேர்ந்தவையே. அமெரிக்காவில் 1947 முதல் விற்ற, வி எழுத்துப் போன்ற வாலுடைய போனான்சா விமானம் இதற்குப் பேர்போனது; 1987இல் அதன் வாலுக்கு வலுவூட்ட வேண்டுமென்று அரசாங்கமே ஆணையிட்டது. ஆகவே, மேகத்துக்குள் போகாதே என்பதும் இறக்கையைக் காக்கும் விதிகளுள் ஒன்றுதான்.

இனிச் சிவப்புக் கோட்டுக்கு வருவோம். அங்கே காத்திருப்பது வேறொரு பகை. கொடியில் உலரும் வேட்டி, மெல்லிய காற்றில் அசையும். காற்று ஓர் அளவைத் தாண்டியதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். இறக்கையும் ஓர் அளவுக்கு மேல் அவ்வாறு படபடக்கத் தொடங்கினால், ஒவ்வோர் அசைவுக்கும் காற்றே வலுவூட்ட, சில விநாடிகளில் கிழிந்துபோகும். 1940 நவம்பரில் அமெரிக்காவின் டக்கோமா பாலம், திறந்து நான்கு மாதங்கள் சற்றே கடந்த நிலையில், பெரும்புயல் என்று சொல்ல முடியாத ஒரு காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி வீழ்ந்ததும் இந்த இனத்தைச் சேர்ந்த விபத்தே. சோதனை விமானி ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த வேகத்தில், பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்படாமல் சிவப்புக் கோட்டை இடுகிறார்கள்.

இங்கும் மலைக்காரர்கள் கருத வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. உயரே காற்று மெலிந்திருப்பதால், வேகமானி காட்டுவதைவிட விமானம் உண்மையில் விரைவாகச் செல்லும். ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். அதற்கு மேலே 10,000 அடியில் பறந்தால், முள் 100 என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 116 இருக்கும். படபடப்பு இந்த உண்மை வேகத்தையும் பொறுத்தது. ஆகையால் இலேசான விமானங்கள் பலவற்றின் கையேட்டில், உயரம் ஏற ஏறச் சிவப்பெல்லையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அட்டவணையே தரப்பட்டிருக்கும். வட்டத்தில் கோடு ஓரிடத்திலேயே நிற்கும். எல்லையோ இறங்கி வந்துவிடும்.

இவ்வளவும் படித்து முடித்தபோது, அம்மாவுக்குச் சொல்ல ஒரு விடை அமைந்தது. அளவு மிஞ்சினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்பது நம் வள்ளுவர் கருத்தல்லவா? அளவை மிஞ்சாதவரை அச்சும் முறியாது, இறக்கையும் ஒடியாது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 2018ஆம் ஆண்டு நடந்த ஒன்றைப் படித்ததும் அந்த விடையும் போதாதாயிற்று.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டேட்டோனா பீச் என்னும் ஊரில், விமானக் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் எம்ப்ரி ரிடில். 2018 ஏப்ரல் 4ஆம் நாள், அங்கே மாணவர் ஒருவர், நம்மைப் போன்றவர், தேர்வாளரை அருகில் அமர்த்திக்கொண்டு விமானித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகோல் கைப்பிடி, தாள் வானம். ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் மேலேறினார். வேகம் குறைவு, காற்றில் கொந்தளிப்பு இல்லை, தவறான கையாளல் எதுவும் இல்லை. அந்நிலையில் பைப்பர் விமானத்தின் இடது இறக்கை அப்படியே கழன்று வீழ்ந்தது. இருவரும் இறந்தனர். அந்த விமானம் 2007இல் செய்யப்பட்டது. 7,690 மணி நேரம் பறந்தது. எந்த எல்லையும் மீறப்படவில்லை.

காரணம் என்ன? இறக்கையின் உள்ளே, வீட்டின் உத்தரம் போல் நெடுக ஓடும் தண்டுக்கு ஸ்பார் என்று பெயர். அதன் அடிப்பகுதியில், உடலோடு இணைக்கும் ஆணித்துளை ஒன்றில், மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றி நாளடைவில் வளர்ந்திருந்தது. உலோகம் அயர்ந்துபோகும் நண்பர்களே! கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. முன்னும் பின்னும் இருபது தடவை வளைத்தால் சிறுவனும் ஒடித்துவிடுவான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே ஓர் எந்திரம் இருக்கிறது. எஃகுத் துண்டைச் சிறிது வளைத்த நிலையில் சுழலவிடுவோம். ஆயிரம் சுற்று, பத்தாயிரம் சுற்று, ஒன்றும் நேராது. இலட்சம் தாண்டி, பேச்சில் ஈடுபட்டிருக்கும் ஒரு கணத்தில், டக்கென்று இரண்டாகும். முறிவதற்கு முன் துண்டின் முகத்தில் எந்தக் குறியும் தெரிவதில்லை. பயிற்சி விமானமோ நாள்தோறும் பல முறை ஏறி இறங்குவது. தாழ்ந்து, கொந்தளிக்கும் வெயிற்காற்றிலேயே பறப்பது. ஒவ்வொன்றும் ஒரு வளைப்பு.

வேகமானியின் வண்ணங்கள் முழுமையான இறக்கைக்கு எழுதிய உறுதிமொழி. இறக்கை முழுமையாக இருக்கிறதா என்று அந்த முள்ளுக்குத் தெரியாது. இதுதான் நான் கற்ற பாடங்களுள் தலையாயது.

பத்தாம் நாள் ஊருக்குச் சென்று, அடுப்பங்கரையில் அமர்ந்து, புளோரிடா வரை ஒன்றையும் மறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன். தங்கை என்னை முறைத்தாள். சொல்லாமல் விட்டிருக்கக் கூடாதா என்பது அவள் கண்ணில் தெரிந்தது. அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாதுன்னியே, அப்போ அதை யாரு பார்க்கிறது?" என்றார்.

நூல்களில் நான் பக்கம் பக்கமாகத் தேடியதன் முடிவு, அந்த ஒரே கேள்வியில் வந்து நின்றது. விடை சொன்னேன். அந்த விபத்தின் பின், அதே பள்ளியின் இன்னொரு விமானத்திலும் அதே வகை வெடிப்பு கண்டார்கள். துளைக்குள் ஒளிந்த வெடிப்பைக் கண்ணால் காண இயலாது. ஆகவே மின்சாரம் பாயும் சிறு சுருளைத் துளைக்குள் விட்டு, உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பிப் பார்க்கிறார்கள்; வெடிப்பு குறுக்கிட்டால் அந்த ஓட்டம் தடம் மாறும், கருவி காட்டிக்கொடுக்கும். நெடுநேரம் உழைத்த அவ்வகைப் பைப்பர் விமானங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம் என்ற அமெரிக்க ஆணை 2021இல் நடைமுறைக்கு வந்தது. தங்கை ஏறப்போவது உலோகமன்று, இழையடுக்கு. அதில் அயர்ச்சி குறைவு, ஆனால் தரையில் ஓங்கி மோதினால் உள்ளே அடுக்கு விட்டுப்போகலாம். அதனை நாணயத்தால் தட்டிப் பார்த்து, ஓசை மழுங்குவதைக் கொண்டே அறிகிற வழக்கமும் உண்டு என்றேன்.

"பலாப்பழம் தட்டிப் பார்க்கிற மாதிரி" என்றார் அம்மா. முதன்முறையாகச் சிரித்தார். பிறகு தங்கையைப் பார்த்து, "ஏறுறதுக்கு முன்னாடி, தட்டிப் பார்த்தாங்களான்னு கேளு. கேக்கிறதுக்கு வெக்கப்படாதே. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் வரலேன்னா ஏறாதே" என்று சொல்லி ஒப்பமிட்டார்.

அவள் கேட்டாள். அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் சினக்கவில்லை. விமானத்தின் பதிவேட்டைத் திறந்து, எத்தனை மணி பறந்தது, யார் எப்போது எதைச் சோதித்தார், யார் கையொப்பம் என்று காட்டினாராம். பறந்தது அரை மணி நேரமே. ஆனால் வீட்டுக்கு வந்து அவள் கூடுதலாகப் பேசியது அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான்.

நண்பர்களே, பறப்பவரைப் பற்றி நாடு பேசும், படம் போடும். சத்திரத்தில் விமானம் இறங்கிய நாளிலும் அவ்வாறே பேசிற்று, அது தக்கதே. ஆனால் பறப்பவரின் உயிர், பெயர் தெரியாத ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு இறக்கையின் அடியில் மல்லாந்து கிடந்து பார்த்த பார்வையில் இருக்கிறது. நம்முள் பொறியியல் பயில்வோர் பலர். வரைபடம் போடவும் எந்திரம் ஓட்டவும் விரும்புகிறோம். வெடிப்புத் தேடும் வேலைக்கு முன்வருவோர் சிலரே. பாலம், கொதிகலன், தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் தண்டு, மலைப்பாதை பஸ்ஸின் அச்சு ஆகிய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு துளையில் ஒரு மயிரிழை வளர்ந்துகொண்டிருக்கக் கூடும். அதனை யார் பார்க்கிறது என்று கேட்கும் உரிமை பயணியாகப் போகும் யாருக்கும் உண்டு. பார்த்தேன் என்று கையொப்பமிட்டுச் சொல்லும் துணிவுடையோர் நம் வகுப்புகளிலிருந்து நால்வராவது புறப்படட்டும்.